பொட்டலத்தின் பின்பக்கம் காலியாக இருக்கிறது: மரபு உணவு அங்காடிகளுக்கு ஒரு திறந்த மடல்

மரபு உணவு அங்காடி நடத்துவோர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அலமாரியிலிருந்து ஒரு வரகுப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஒரு மாட்டுவண்டிப் படம், "சர்க்கரை நோய்க்கு அருமருந்து" என்றொரு வரி, விலை. பின்பக்கம் எடை, முகவரி, காலாவதித் தேதி. எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், கல் அரிக்க வேண்டுமா, தீட்டியதா தீட்டாததா, எவ்வளவு தண்ணீர் வைப்பது என்ற விவரம் எதுவும் இல்லை. வாங்கிப் போனவர் அரிசியைப் போலக் கழுவி, அரிசிக்கு வைக்கும் தண்ணீரையே வைத்து, மூன்று விசில் விட்டு இறக்குகிறார். மேலே குழைவு, அடியில் வேகாத பருக்கை, பல்லில் மணல். மிச்சம் வண்டு விழும்வரை டப்பாவில் கிடக்கிறது. அடுத்த மாதம் அந்த வீட்டுக்காரர் உங்கள் கடை வாசலைத் தாண்டிப் போய்ப் பொன்னி அரிசி வாங்குகிறார்.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று தெருமுனை மளிகைக் கடையில்கூடச் சாமையும் தினையும் கிடைக்கின்றன. ஆனால் இடையில் இரண்டு தலைமுறை ரேஷன் அரிசியில் வளர்ந்துவிட்டது. கல் அரிக்கும் அரிக்கஞ்சட்டியைக் கையில் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பொட்டலத்தின் பின்பக்கம்தான் என்பதே இந்த மடலின் கோரிக்கை.

முதலில் தீட்டியதா, தீட்டாததா என்பதை எழுதுங்கள். கம்பு, சோளம், கேழ்வரகுக்கு உமி கிடையாது. வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் உமி உண்டு. உமி நீக்கிய பின் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டால் வெளேரென்று, பார்க்க அழகாக இருக்கும். நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தவிட்டோடு போய்விடும். தீட்டாதது மங்கலான பழுப்பாக இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலையில் விற்பது சரியில்லை. சமைக்கும் முறையும் வேறு. தீட்டியதற்கு அரை மணி நேர ஊறலும், ஒரு டம்ளருக்கு இரண்டு அல்லது இரண்டேகால் டம்ளர் தண்ணீரும் போதும். தீட்டாததை நான்கு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்று டம்ளர் வைக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைடேட்டில் ஒரு பகுதி அதில் இறங்கிவிடும்.

சோறு உதிரியாக வர நல்ல வழி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு வடித்த தானியத்தைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடி, தண்ணீர் வற்றியதும் அணைத்துப் பத்து நிமிடம் திறக்காமல் விடுவது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் சாமை உதிரும். நடுவில் கரண்டி விட்டுக் கிளறினால் பொடி மணி உடைந்து களியாகிவிடும். பலரும் தவறுவது இங்கேதான், தண்ணீர் அளவில் அல்ல. மணலைப் போக்க, சல்லடையில் சலித்தால் சாமைக்குப் பயனில்லை. மணலும் சாமையும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி மேலே மிதக்கும் தானியத்தை அடுத்ததற்கு ஊற்றி அரிக்க வேண்டும். நீங்களே கல் நீக்கும் எந்திரத்தில் போட்டு விற்றால் "கல் அரிக்கத் தேவையில்லை" என்று எழுதலாம். அதற்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

வரகைப் பற்றித் தனியாக ஒன்று. அறுவடையின்போது மழையில் நனைந்த வரகில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் தலைசுற்றல், வாந்தி, நடுக்கம் தரும். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வயலில் நின்ற வரகை மேய்ந்த யானைகளில் பத்து மூன்று நாட்களுக்குள் இறந்தன. ஆய்வில் இந்த நஞ்சுதான் கண்டறியப்பட்டது. ஆகவே எந்த ஊர் வரகு, எந்த மாதம் அறுத்தது, நனைந்ததா என்று நீங்கள் உழவரிடம் கேட்டாக வேண்டும். அறுவடை மாதத்தைப் பொட்டலத்தில் அச்சடிப்பதற்குச் செலவே இல்லை.

கம்பு மாவின் சிக்கல் வேறு. கம்பில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. சிறுதானியங்களில் இதுதான் அதிகம். முழுமணியாக மாதக்கணக்கில் இருக்கும். அரைத்த கணத்திலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் நொதி வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வாரத்துக்குள் கசக்கும், சிக்கு வாடை அடிக்கும். "கம்பு மாவு, 6 மாதம் வரை" என்று அச்சிட்டு விற்கும்போது வாங்குபவருக்குக் கம்பின் இயல்பான சுவையே கசப்பு என்று பதிந்துபோகிறது. மணியைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்து, நன்றாக உலர்த்தி அரைத்தால் அந்த நொதி அடங்கும், மாவு ஒரு மாதம்போலத் தாங்கும். அல்லது கடையிலேயே சிறு எந்திரம் வைத்து, கேட்டபோது அரைத்துக் கொடுங்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் எது?

கம்பில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரப் பொருட்களில் சில தைராய்டு சுரப்பைத் தடுப்பவை. சூடானின் தார்ஃபுர் பகுதியில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடம் கழலை (தைராய்டு வீக்கம்) மிகுதியாக இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கம்பங்கூழ் குடிப்பவர் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கடையில் கம்புப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே இந்துப்பும் இருக்கிறதே! அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை; அயோடின் குறைந்தாலும் கழலை வரும். காலையும் மாலையும் கம்பு, குழம்புக்கு இந்துப்பு என்று ஒரே வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கழலைக்கான இரண்டு பாதையும் ஒரே பில்லில் போடப்படுகின்றன. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பதை 2006 மே மாதத்திலிருந்தே அரசு தடை செய்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இந்துப்பில் சோடியம் குறைவு என்று சொல்லி இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு விற்பதையும் நிறுத்த வேண்டும். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கேழ்வரகில் 67. வேறுபாடு உண்டு, ஆனால் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்னும் அளவுக்கு இல்லை. அதிலும் மாவு நைசாக அரைத்து, கஞ்சியாகக் கரைத்து, வடிகட்டிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். களியாகக் கிண்டி, கீரைக் கூட்டும் பருப்பும் வைத்துச் சாப்பிடுவது வேறு கதை. ஒரு வேளைக்கு வேகவைக்காத 50 கிராம் தானியம் என்று அளவு எழுதுங்கள். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும்கூட அளவின்றிச் சாப்பிடக்கூடியவை அல்ல. அவற்றைச் "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று விற்பவர்களோடு வாதாட எங்களுக்குப் பொறுமை இல்லை.

செக்கெண்ணெயில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எள்ளிலிருந்தோ நிலக்கடலைப் பருப்பிலிருந்தோ மரச்செக்கில் ஏறக்குறைய 400 மில்லி வரும், கொப்பரையில் 600. அதாவது ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டரை கிலோ எள். பிண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்தாலும், எள் விலையின் இரண்டு மடங்குக்கும் கீழே லிட்டர் நல்லெண்ணெய் விற்பனைக்கு வந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கடைச் சுவரில் எழுதிவையுங்கள். நேர்மையாக ஆட்டுபவர்களுக்கு அது பாதுகாப்பு. எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது பழைய வழக்கம், எள்ளில் பத்தில் ஒரு பங்கு வரை. எண்ணெய் பிரிவதற்கும் கசப்பு அடங்குவதற்கும் அது உதவும், பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விடும். அதைக் கலப்படம் என்று நினைத்துச் சண்டைக்கு வருபவர்களுக்கும் ஒரு வரி எழுதிவைக்கலாம்.

கடலை எண்ணெயில்தான் உண்மையான ஆபத்து. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடையது. ஆலைகளில் சுத்திகரிக்கும்போது அது பெரிதும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்தப் படி இல்லை. செக்கின் சூடு இந்த நஞ்சை அழிக்காது, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. எனவே எல்லாப் பாதுகாப்பும் செக்குக்கு முன்னாலேயே நடக்க வேண்டும்: கடலையை நன்றாகக் காயவைத்தல், சுருங்கியதையும் நிறம் மாறியதையும் முளைவிட்டதையும் கையால் பொறுக்கி எறிதல், ஈரத் தரையில் சாக்கைப் போடாதிருத்தல். பொறுக்கிய கடலையைத் தள்ளுபடி விலையில் ஆடு வளர்ப்பவருக்குக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம், அந்த ஆட்டுப் பாலிலும் நஞ்சு வந்து சேரும். கொப்பரையில் கந்தகப் புகை போட்டது வெளேரென்று இருக்கும், மூக்கை உறுத்தும். அதை ஆட்டி "மரச்செக்கு" என்று ஒட்டினால் அந்தச் சொல்லுக்கே மரியாதை போய்விடும். ஆட்டிய எண்ணெய் இரண்டு மூன்று நாள் தெளியாமல் விற்கப்பட்டால், கசடு பொரிக்கும்போது கருகும், நுரைக்கும். வாங்கியவர் எண்ணெய் கெட்டது என்பார்.

கடையின் ஓரத்தில் காலைச் சாறு விற்பவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. சுரைக்காய் சிலவேளை கசக்கும்; அதன் குக்கர்பிடாசின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சாற்றுக்கு நறுக்கும் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, சற்றே கசந்தாலும் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். தேனும் எலுமிச்சையும் சேர்த்துக் கசப்பை மறைத்துக் கொடுப்பதுதான் கொல்லும். இரத்த வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் வந்து இறந்தவர்கள் இந்தியாவில் உண்டு, மாற்று மருந்து இல்லை. அடுத்து, இரும்பன்புளிச் (பிலிம்பி) சாறு, பச்சைப் பசலைக்கீரைச் சாறு போன்றவை. ஆக்சலேட் மிகுந்த இவற்றைத் தொடர்ந்து பெரிய டம்ளரில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளிச் சாறு குடித்த கேரளத்து நோயாளிகள் அதில் அடக்கம். கீரையை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடச் சொல்லிக்கொடுத்தது நம் வழக்கம். பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொன்னது யார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

சத்துமாவு. நாற்பது பொருள் போட்டால் நாற்பது மடங்கு சத்து என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். பாதாமும் முந்திரியும் ஐந்து ஐந்து கிராம் விழுந்து, எண்ணெய் விட்டு, மொத்த மாவையும் சிக்குவாடை அடிக்கவைக்கும். குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் எந்தப் பொருளால் என்றும் தெரியாது. முளைகட்டிய கேழ்வரகு 600 கிராம், பாசிப்பயறு 200, பொட்டுக்கடலை 100, வேர்க்கடலை 100: இந்த ஒரு கிலோ போதும். கேழ்வரகைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ கட்டி, முளை கால் அங்குலம் வந்ததும் நிழலில் உலர்த்துங்கள். கொழகொழப்போ புளித்த வாடையோ இருந்தால் அவ்வளவையும் எறிந்துவிடுங்கள். உலர்ந்ததை இளந்தீயில் இலேசாக வறுக்க வேண்டும். முளையில் உண்டாகும் அமிலேஸ் நொதிதான் கஞ்சியை நீர்க்கச் செய்கிறது. அதனால் சிறு வயிற்றில் கூடுதல் மாவு போகும். சிவக்க வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், முளைகட்டிய உழைப்பு வீண். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்க்கக் கூடாது என்பதையும், தேன் பாட்டிலிலேயே, பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைப்பவர்களின் கண்ணில் படும்படி எழுதுங்கள். அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துக்களைச் சிசுவின் குடல் தாங்காது.

மாப்பிள்ளை சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் இரவு முழுவதும் ஊறல், அரிசியின் அளவைப்போல நான்கு மடங்கு தண்ணீர், ஆறேழு விசில் என்று மட்டும் எழுதினால் போதும்.

ஆக நாங்கள் கேட்பது தீப்பெட்டி அளவு இடம். அறுவடை மாதம், அரைத்த அல்லது ஆட்டிய தேதி, தீட்டியதா இல்லையா, கல் நீக்கியதா இல்லையா, ஊறல் நேரம், தண்ணீர் அளவு, ஒரு வேளைக்கான அளவு, யார் தவிர்க்க வேண்டும். "அருமருந்து" என்ற வரியை எடுத்துவிட்டால் அதற்கு இடம் தானாகக் கிடைக்கும். நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொட்டலத்தில் எழுதுவதைச் சட்டமும் ஏற்பதில்லை. தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் எழுத்தில் அச்சிடுங்கள். வரும் தைக்குப் புதுச் சரக்கு இறக்கும்போதே தொடங்கலாம். வாசகம் எழுதித்தர வேண்டுமென்றால், ஒவ்வொரு தானியத்துக்கும் நாங்கள் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
உணவியலும் சமையலும் தொழிலாகக் கொண்ட சிலர்