செயலாளரின் ஆண்டறிக்கை: கலன் புளித்ததும் தேறியதும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் மக்கும் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் நம் கலனைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆண்டு என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

சாணக் கரைசல் ஊற்றித் தொடங்கியபோது முதலில் வந்த வாயு பற்றவே இல்லை. காசு வீண் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தொடக்கத்தில் காற்றும் கரியமில வாயுவும்தான் மிகுதியாக வரும்; எரியும் வாயுவான மீத்தேன் பாதியைத் தாண்டிய பிறகு நீலச் சுடர் நின்று எரிந்தது.

அப்புறம் ஒரு விருந்து நடந்தது. மிஞ்சியதை எல்லாம் ஒரே நாளில் கலனுக்குள் தள்ளினோம். சரி என்று தலையாட்டியவன் நான்தான். சில நாளில் சுடர் நடுங்கி அணைந்தது, கலனுக்குள் இருந்த கழிவுக் குழம்பில் புளித்த வாடை, நீல லிட்மஸ் தாள் சிவந்துவிட்டது. கழிவை அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் அவசரக்காரர்கள். அந்த அமிலத்தை மீத்தேனாக்குபவை நிதானமானவை, புளிப்பு ஏறினால் அப்படியே முடங்கிவிடும். தீனியை நிறுத்தினோம். சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம், புதுச் சாணமும் கரைத்து ஊற்றினோம். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகே கலன் தேறியது. இப்போது எடை போடாமல் ஒரு வாளியும் உள்ளே போவதில்லை.

காய்ந்த இலையையும் குச்சியையும் கலனில் போடச் சொல்லி இன்னமும் கேட்கிறார்கள். மரத்தன்மை உள்ள எதுவும் காற்றில்லாத இடத்தில் எளிதில் செரிக்காது. அவை உரக்குழிக்குத்தான். கலனிலிருந்து வழியும் குழம்பையும் அங்கேயே ஊற்றுகிறோம். கழிவிலிருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) வாயுவோடு போவதில்லை, பெரும்பாலும் குழம்பில்தான் தங்கிவிடுகிறது. 1 பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) இருந்தால் குழி நன்றாகச் சூடேறும். 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாள் நின்றால் களை விதைகளும் கிருமிகளும் பெரும்பாலும் செத்துப்போகும். நடுவில் செருகிய இரும்புக் கம்பியை உருவித் தொட்டால் கை சுட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம், தண்ணீர் ஒழுகக் கூடாது. இதைத் தோட்டக்காரர் என்னைவிட நன்றாகப் பார்க்கிறார்.

மக்கும் குப்பையைத் தனியே தருவதில் முன்னேற்றம் உண்டு, போதாது. அரவை இயந்திரம் இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் எவர்சில்வர் கரண்டியால். அவற்றைக் கழுவி அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன். உரியவர்கள் பெயர் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம்.

செயலாளர்