இல்லாத ஜோதியைப் பார்க்க வரச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் புது தில்லி பற்றிய கட்டுரையில் ஒரு வாக்கியம்: "இந்தியா கேட் வளைவின் கீழ் இரவும் பகலும் சுடர்விடும் அமர் ஜவான் ஜோதியைத் தரிசித்துவிட்டு, பக்கத்திலுள்ள போர் நினைவிடத்தையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்." எழுதியவர் தில்லிக்கு எந்த ஆண்டில் போனார் என்று கேட்க மாட்டேன். போனாரா என்றும் கேட்க மாட்டேன்.

போரில் மடிந்த வீரர்களுக்கான அந்த ஜோதி 1972 ஜனவரி 26 அன்று ஏற்றப்பட்டது. ஐம்பது ஆண்டு நிறைய ஐந்து நாள் இருக்கையில், 2022 ஜனவரி 21 அன்று, சுடரை எடுத்துப்போய்த் தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். அணைத்தார்களா, இணைத்தார்களா என்று ஊரே சண்டை போட்டதே, தங்களுக்குத் தெரியாததா? தலைகீழாக நின்ற துப்பாக்கியும் அதன்மேல் இருந்த தலைக்கவசமும் அதே ஆண்டு மே மாதம் அந்த நினைவிடத்தின் ஒரு பகுதியான பரம யோதா ஸ்தலத்துக்குப் போயின. கட்டுரையோடு போட்ட படமும் அந்தக் காலத்தது. அதில் இந்தியா கேட்டுக்குப் பின்னால் கல் மண்டபம் காலியாக நிற்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968இல் எடுத்த பிறகு அது அப்படித்தான் நின்றது. 2022 செப்டம்பரிலிருந்து அங்கே 28 அடிக் கருங்கல்லில் நேதாஜி நிற்கிறார். ராஜபாதை என்ற பெயரும் அதே மாதம் கர்த்தவ்ய பாதையாக மாறிவிட்டது.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தியா கேட்டில் பொறித்திருப்பது சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் பெயர்கள் என்று போன ஆண்டு சுதந்திர தின இதழில் வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் சரக்கு அது. 1921இல் அடிக்கல் நாட்டி 1931இல் திறந்த அந்த 42 மீட்டர் வளைவு, முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் மடிந்தவர்களுக்கானது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்; அவற்றில் வெள்ளைக்கார அதிகாரிகளும் உண்டு. 1962, 1965, 1971இல் இறந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தச் சுவரில் இல்லை. தனியாக ஒரு நினைவிடம் வேண்டும் என்று இத்தனை காலம் கேட்டதே அதனால்தான். தில்லி தீன் மூர்த்தி சந்திப்பில் உள்ள மூன்று சிலைகளைத் 'தலைவர்கள்' என்று தங்கள் இதழ் எழுதியதையும் மறக்கவில்லை. ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் சமஸ்தானப் படைகளைக் குறிக்கும் சிப்பாய்கள் அவர்கள்.

இனி அந்த அரை மணி நேரம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த நினைவிடம் சுமார் 40 ஏக்கர். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், சக்கர வியூகம் மாதிரி. வெளிவட்டம் ரக்ஷக் சக்ரா, மரங்கள். அடுத்தது தியாக் சக்ரா. திறந்த அன்றே 25,942 பெயர்கள் கிரானைட் பலகைகளில் பொன்னெழுத்தில் இருந்தன. அதன்பின் சேர்ந்தவை வேறு. ஊர்க்காரர் ஒருவரின் பெயரைத் தேடுகிறவர் சுவர் சுவராக அலைய வேண்டாம். அங்குள்ள தொடுதிரையில் தட்டினால் எந்த இடம் என்று காட்டும். அதற்கும் உள்ளே வீரதா சக்ராவில் ஆறு சண்டைகளைக் காட்டும் வெண்கலச் சிற்பங்கள்: கங்காசாகர், லோங்கேவாலா, தித்வால், ரெசாங் லா, ஆபரேஷன் மேக்தூத், ஆபரேஷன் டிரைடென்ட். எந்தப் போர், எந்த ஆண்டு என்று வாசிக்காமல் பார்த்தால் ஆறும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுவில் அமர் சக்ரா, 15.5 மீட்டர் தூண், அணையாச் சுடர். பரம யோதா ஸ்தலம் தனியே ஒதுங்கி இருப்பதால் பாதிப் பேர் பார்க்காமலே திரும்புகிறார்கள். நாட்டின் உச்ச வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் அங்கே இருக்கின்றன. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களில் ஒருவர். இந்த நினைவிடத்தை வடிவமைத்த யோகேஷ் சந்திரஹாசன் சென்னைக்காரர். தமிழ் இதழில் இந்த இரண்டு பெயருக்கும் இடமில்லை. தெருவோர உருளைக்கிழங்குப் பலகாரமான ஆலு டிக்கிக்கு ஒரு பத்தி இருக்கிறது!

ஊரிலிருந்து வருகிறவர்களைப் பல ஆண்டுகளாக அங்கே அழைத்துப்போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு மணி நேரம் வேண்டும், அதுவும் மாலையில். கோடையில் பதினொரு மணிக்குப் போனால் கல்தரையின் அனலில் பெரியவர்கள் பத்து நிமிஷம் நிற்க முடியாது. நான்கு மணி வாக்கில் பரம யோதா ஸ்தலத்தில் தொடங்கி, சிற்பங்கள், பெயர்ச் சுவர்கள் என்று வந்தால், கொடியிறக்கும் நேரத்துக்குச் சுடர் முன்னால் நிற்கலாம். கட்டணம் கிடையாது. 'சென்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோவுக்கு எதிரே' என்கிறது கட்டுரை. கண்ணுக்குத் தெரியலாம், ஆனால் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆட்டோ பிடிப்பது உத்தமம். ஜனவரி பிற்பாதியில் குடியரசு தின ஒத்திகைக்காக அந்த வட்டாரமே அடைபட்டுக் கிடக்கும். அந்த வாரங்களில் டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.

'மூன்றாம் நாள், திங்கள்: தேசிய அருங்காட்சியகம், ஜெய்ப்பூர் ஹவுஸ் ஓவியக் கூடம், பிரதமர்கள் அருங்காட்சியகம்' என்று தங்கள் கட்டுரையாளர் திட்டம் போட்டுத் தந்திருக்கிறார். திங்கட்கிழமை மூன்றுக்கும் விடுமுறை. மூன்று வாசலிலும் பூட்டு எந்தக் கம்பெனி என்று பார்த்துவிட்டு வரலாம்.

முழுக் கட்டுரையையும் திருப்பி எழுதச் சொல்லவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் நான்கு வரி போதும்: ஜோதி இடம் மாறியது, திங்கள் விடுமுறை, மாலையில் போகவும், படம் பழையது. படத்துக்குக் கீழே எடுத்த ஆண்டைப் போடும் வழக்கத்தையும் தொடங்கினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மயூர் விகார், தில்லி