கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கொலைக் கதை

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் பேத்தியின் கையெழுத்தில் வந்தது. விழித்திரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனசு வந்தது. கண்ணுக்குள் வைத்த வாயு கரையும்வரை முகத்தைக் கவிழ்த்தே கிடக்க வேண்டுமாமே! ஹாஸ்டலில் ஒரு இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்காராதவள் நீ. சரி, டாக்டர் சொன்னபடி கிட. எழுந்து அடுப்படிப் பக்கம் போனாய் என்று எனக்குத் தகவல் வரக்கூடாது.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு வாக்கிங்கில் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்கள். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் வருகிறார், ஊர் அரசியல் முழுவதையும் சுமந்துகொண்டு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பெங்களூரில் வீடு மாற்றிவிட்டான். வாசல் முருங்கை காற்றில் முறிந்து விழுந்து, இப்போது மறுபடி தழைத்துவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். "படிக்கவும் கூடாது, டிவி பார்க்கவும் கூடாது, பொழுதை எப்படி ஓட்டுவது?" என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். கதை கேள். அதிலும் துப்பறியும் கதையாகக் கேள். மருமகள் என் போனில் ஒலிநூல் செயலியைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து நான் இதில்தான் விழுந்து கிடக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மர்ம நாவல் எது கையில் கிடைத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன், படித்துவிட்டு உன்னிடம் வந்து உளறுவேன், நீ தலையணையை என்மேல் வீசுவாய். காதால் கேட்கும்போது அந்த வித்தை பலிக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்குத் தாவலாம்தான். தாவினால் யாரென்றே தெரியாத நாலு பேர் ஒரு அறையில் பேசிக்கொண்டிருப்பார்கள், தலையும் புரியாது வாலும் புரியாது. இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று விரலால் தடவிப் பார்க்கவும் வழியில்லை. புத்தகத்தில் பாதியிலேயே ஒருவனைக் கைது செய்தால், பாக்கி இருக்கும் கனத்தை வைத்தே "இவன் இல்லை" என்று சொல்லிவிடுவோமே, அந்தச் சலுகை இங்கே கிடையாது. செயலி இன்னும் இத்தனை மணி நேரம் இருக்கிறது என்று திரையில் காட்டும். அதைப் பார்க்காமல் இருக்க நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். நீ ஏற்கெனவே கவிழ்ந்துதான் கிடக்கிறாய், உனக்கு அந்த வேலையும் மிச்சம். (பேத்தி, இந்த வரியை வாசித்ததும் பாட்டி என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.)

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்துப்போனது வேறொன்று. புத்தகத்தில் நம்மை ஏமாற்றுகிறவர் எழுத்தாளர் மட்டும்தான். ஒலிநூலில் அவருக்கு ஒரு கூட்டாளி சேர்ந்துவிடுகிறார், வாசிக்கிறவர். கொலை செய்தது யார் என்பது முதல் வரியை வாசிக்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த ஆளுக்கும் குரல் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா?" என்று அந்த ஆள் கேட்பதை, வேறு யார் கேட்டாலும் எப்படி இருக்குமோ அப்படியே சொல்ல வேண்டும். துளி அழுத்தினாலும் நாம் பிடித்துக்கொள்வோம். ஜாக்கிரதையாக அழுத்தாமல் விட்டாலும், அந்த ஜாக்கிரதையே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தாளருக்கு இந்தத் தொல்லை இல்லை. "இருட்டில் யாரோ பேசினார்கள்" என்று எழுதிவிட்டு ஆணா பெண்ணா என்று சொல்லாமலே நகர்ந்துவிடுவார். வாசிக்கிறவர் அந்தப் பேச்சைப் பேசிக் காட்டியாக வேண்டும். தேர்ந்தவர்கள் கிசுகிசுத்துச் சமாளிக்கிறார்கள். மற்றவர்கள் அந்த இடத்திலேயே குட்டை உடைத்துவிடுகிறார்கள்.

அகதா கிறிஸ்டியின் நாவல்கள் பலவற்றை ஹ்யூ ஃப்ரேசர் வாசித்திருக்கிறார். டிவி தொடரில் அவளுடைய துப்பறிவாளர் புவாரோவின் கூடவே அலைவாரே கேப்டன் ஹேஸ்டிங்ஸ், அந்த வேஷத்தில் நடித்தவர். 1926-ல் வெளிவந்த ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையை அவர் குரலில் கேட்டேன். ஒரு கிராமத்து டாக்டர் தானே நமக்குச் சொல்வதாகப் போகும் கதை. டாக்டருக்குக் கரோலின் என்று ஓர் அக்கா, வீட்டை விட்டு நகராமலே ஊர் வம்பெல்லாம் அவள் காதுக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டில் புவாரோ வேலையெல்லாம் போதும் என்று ஒதுங்கிக் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், தலையணை பயம் இன்னும் போகவில்லை.

முடிந்த அன்று ராத்திரியே மறுபடி முதலிலிருந்து போட்டேன். புத்தகமாக இருந்தால் இரண்டாம் தடவை புரட்டித்தான் பார்ப்பேன், சந்தேகம் வந்த பக்கங்களை மட்டும். கேட்கும்போது அப்படித் தாண்ட முடியாததால் எல்லாவற்றையும் அதே நிதானத்தில் மறுபடி கேட்டேன். முதல் தடவை சும்மா காதைத் தொட்டுவிட்டுப் போன வாக்கியங்கள் இந்தத் தடவை தூக்கிவாரிப் போட்டன. ஒன்றில்கூடப் பொய் இல்லை. ஃப்ரேசரும் எந்த இடத்திலும் குரலை ஒளிக்கவில்லை. மனுஷன் அத்தனையையும் நேராக நம் முகத்துக்கு எதிரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நெஞ்சழுத்தத்தை ரசிப்பதற்காகவே இப்போதெல்லாம் நல்ல கதைகளை இரண்டு தடவை கேட்கிறேன். கொலையாளி யார் என்பது தெரிந்த பிறகு கேட்பதுதான் எனக்கு ருசியாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேனே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ என்னவோ.

இன்னொரு சங்கதி. இங்கிலாந்தில் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்களை 1935-ல் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் கண்ணைப் பறிகொடுத்துத் திரும்பிய சிப்பாய்களை மனதில் வைத்து ஆரம்பித்த முயற்சி. முதன்முதலில் பதிவு செய்தவற்றில் பைபிளிலிருந்து யோவான் சுவிசேஷம் இருந்தது, ஜோசஃப் கான்ராடின் கடல் கதை ஒன்று இருந்தது, கூடவே இந்த ரோஜர் அக்ராய்டும் இருந்தது! தேர்ந்தெடுத்தவர்கள் ரசனைக்காரர்கள். நிமிடத்துக்கு 24 சுற்று சுற்றும் இசைத்தட்டு, ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும், நாவல் ஒன்றுக்குப் பத்துத் தட்டு. நினைத்துப் பார். புவாரோ வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் தட்டு முடிந்து, எழுந்துபோய்த் தடவித் தடவித் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். நமக்கு விரலால் ஒரு தட்டு போதும், அதற்கே அலுத்துக்கொள்கிறோம்.

ஷெர்லக் ஹோம்ஸ் வேண்டுமென்றால் ஸ்டீஃபன் ஃப்ரை வாசித்தது இருக்கிறது, 2017-ல் வந்தது. நாலு நாவல், 56 சிறுகதை, எல்லாமாக ஏறக்குறைய 72 மணி நேரம். உன் கண் ஆறுகிற வரைக்கும் இது ஒன்றே தாங்கும். ஹோம்ஸ் கதைகள் பெரும்பாலும் அவருடைய சிநேகிதர் வாட்சன் தன் வாயால் சொல்வதுதானே, காதுக்கென்றே எழுதியவை போல உட்கார்ந்துவிடுகின்றன. கடைசிக் காலத்துக் கதைகளில் இரண்டை ஹோம்ஸே சொல்வார். படிக்கும்போது எனக்கு அது பெரிதாகப் படவே இல்லை. கேட்கும்போது வாட்சன் இல்லாத குறை சட்டென்று தெரிந்தது. தன்னைப் பற்றித் தானே வியந்துகொள்ள முடியாமல் ஹோம்ஸ் திண்டாடுகிறார், பாவம்.

எல்லாக் கதையும் காதுக்குச் சரிப்பட்டு வரும் என்று நினைத்துவிடாதே. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் 1903-ல் எழுதிய ஒரு கதையில் ஆடும் குட்டி மனித உருவங்களை வரைந்து ரகசியச் செய்தி அனுப்புவார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாமும் கூடவே அவிழ்க்கப் பார்ப்பதுதான் அதில் விளையாட்டு. கேட்கும்போது படமும் இல்லை, விளையாட்டும் இல்லை. வீட்டின் வரைபடம், ரயில் கால அட்டவணை, எழுத்துப் பிழையே துப்பாக வரும் மொட்டைக் கடிதம் இதெல்லாம் உள்ள கதைகளைக் கண் சரியான பிறகு வைத்துக்கொள்.

நம் கல்லூரி லைப்ரரியில் வில்கி காலின்ஸின் சந்திரகாந்தக் கல் நாவல், அதாவது தி மூன்ஸ்டோன், அட்டை கிழிந்து கிடக்குமே. அதன் தடிமனைப் பார்த்து இரண்டு பேருமே தொடவில்லை. இப்போது முழுசாகக் கேட்டு முடித்தேன். 1868-ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1799-ல் வெள்ளைக்காரன் சூறையாடியபோது அபகரித்துப் போன வைரத்தில்தான் கதையே தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு பகுதியாகப் பலர் மாறி மாறிச் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் ராபின்சன் க்ரூசோவைப் புரட்டிக் குறி பார்க்கும் கிழட்டுக் காரியஸ்தர் ஒருவர், போகிற இடமெல்லாம் பக்திப் பிரசுரங்களைத் திணிக்கும் மிஸ் கிளாக் என்ற அம்மாள் ஒருத்தி. அந்த அம்மாள் பேசும் பகுதியைக் கேட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததில் வேலைக்காரப் பெண் பயந்துவிட்டாள். லிப்ரிவாக்ஸ் தளத்தில் இது இலவசமாகவே கிடைக்கும். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் போடும் இடம் அது, 2005-லிருந்து நடக்கிறது. அங்கே சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு ஆள் வாசிப்பார்கள், நேற்று அமெரிக்கனாக இருந்த துப்பறிவாளர் இன்று ஆஸ்திரேலியனாகிவிடுவார். இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லக்கூடாது.

தமிழுக்கு வருகிறேன். ராஜேஷ்குமார் கதைகள் கேட்க நிறையவே இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லவில்லை, அத்தியாயத்தை அவர் முடிக்கிற இடம் அப்படி, அடுத்ததைப் போடாமல் அடுப்பை அணைக்க முடியாது. சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்த்தும்தான் வாசிக்கிறவருக்குச் சோதனை. பத்து வரி சேர்ந்தாற்போலப் பேசுவார்கள், யார் பேசியது என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்காது. பக்கத்தில் அடுத்த வரிக்கு இறங்குவதை வைத்துக் கண் புரிந்துகொள்ளும். காதுக்கு வரி தெரியாதே! இரண்டு பேருக்கும் குரலில் வித்தியாசம் காட்டாமல் ஒரே ராகத்தில் வாசித்தால் வசந்த்தின் குறும்பெல்லாம் கணேஷ் தலையில் போய் விழுகிறது. நான் கேட்ட ஒன்றில் அப்படித்தான் ஆயிற்று. வேறொன்றில் வாசித்தவர் வசந்த்துக்குக் கொஞ்சம் வேகம் கூட்டியிருந்தார், அவ்வளவுதான், இரண்டு பேரும் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தமிழ் ஒலிக்கதைகளில் என்னால் பொறுக்க முடியாதது பின்னணி இசை. கதவு என்றால் கிரீச், மழை என்றால் சோவென்று சத்தம், அதுகூடப் பரவாயில்லை. துப்பு வருகிற இடத்தில் "டொய்ங்" என்று ஒன்று போடுகிறார்கள் பார், அதைத்தான் சொல்கிறேன். நல்ல மர்மக் கதையில் துப்பு எங்கே இருக்கும்? தோட்டத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு அரை வரியாக ஒளிந்திருக்கும். எழுத்தாளர் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை மேளம் கொட்டி ஊர்வலம் விட்டால் என்ன நியாயம்? நீ தேர்ந்தெடுக்கும்போது மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டுப் பார், இசை வந்தால் விட்டுவிடு.

அப்புறம், எப்போது கேட்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. கீரை ஆய்வது, துணி மடிப்பது, பயறு பொறுக்குவது எல்லாம் உத்தமம், கை பாட்டுக்கு வேலை செய்யும். வடை சுடும்போது கூடாது. மிக்ஸி ஓடும்போது கூடவே கூடாது, கேட்காமல் போன அந்த அரை நிமிஷத்தில்தான் யாராவது ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். உனக்கு இப்போது இந்த வேலை ஒன்றும் இல்லை, ஆனால் தூக்கம் இருக்கிறது. படுத்தே கேட்பதால் கண் சொருகிவிடும், விழிக்கும்போது மூன்றாவது பிணம் விழுந்திருக்கும். பேத்தியிடம் சொல்லி, பதினைந்து நிமிஷத்தில் தானாக நிற்கும்படி தூக்க டைமரை வைக்கச் சொல். வேகத்தை மட்டும் கூட்டவிடாதே. என் பேரன் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறான். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு ஆள் கொஞ்சம் தயங்கினால் அந்தத் தயக்கமும் துப்புதானே, அதை நசுக்கிவிட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பது?

முதலில் அக்ராய்டைக் கேள். ஏழெட்டு மணி நேரம்தான், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். பாதியில் நிறுத்திவிட்டு, யார்மேல் சந்தேகம் என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லு. முடித்த பிறகு எழுதினால் செல்லாது. நீ முன்னமே கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

தை பிறந்ததும் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வரவேண்டியிருக்கிறது, அப்படியே உன்னையும் வந்து பார்க்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் ராஜி