காவல் நிலைய நடைமுறை மக்களுக்கும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் போலீஸ் சம்பந்தப்பட்ட மனுக்களும் நிறைய வரும். அண்மையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். பக்கத்து வாழைத் தோட்டத்து அடிதடியில் அவர் சாட்சி. காவல் நிலையத்திலிருந்து போனில் கூப்பிடுகிறார்கள். போனால் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் 'நாளைக்கு வாரும்' என்று அனுப்பிவிடுகிறார்கள்.

சாட்சியை எழுத்து மூலம்தான் அழைக்க வேண்டும், 60 வயதுக்கு மேற்பட்டவரை, அவராக வர இசைந்தால் ஒழிய, வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்பது, குற்ற வழக்கு நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 179-ஆம் பிரிவு. அதைக் காட்டி மனு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த காவலர், "அது சட்டம். உள்ளுக்குள்ள எங்க நடைமுறை வேற" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியவர் நாலாக மடித்த அந்தத் தாளோடு வந்து, "அந்த நடைமுறைய எங்க போயி வாசிக்க தம்பி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அலுவலர்கள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் விதிகள், அறிவுரைகள், கையேடுகளை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு 2005-லேயே சொல்லிவிட்டது. காவல்துறைக்கு நிலை ஆணைகள் என்னும் நிரந்தர நடைமுறை விதிகள் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. அதற்கு மேல் அவ்வப்போது வரும் சுற்றறிக்கைகளோ நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் மேசை ஃபைலோடு நின்றுவிடுகின்றன. துப்புக் கொடுப்பவர் பெயரையோ சோதனைக்குப் போகும் நேரத்தையோ யாரும் கேட்கவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது எப்போது தர வேண்டும், பிடித்து வைத்த வண்டியை எப்படித் திரும்பப் பெறுவது, நிலையத்துக் கண்காணிப்பு கேமரா பதிவுக்கு யார் பொறுப்பு என்பதில் என்ன ரகசியம்?

கேமரா விஷயத்தில் நம் பக்கத்து மக்கள் பட்டது போதும். 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் வழக்கில், நிலையத்துக் கணினியில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) அறிக்கை சொன்னது. அந்த வருட டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இங்கே கேமரா இருக்கிறது, பதிவைப் பாதுகாக்கும்படி கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று நிலைய வாசலில் வட்டார மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க உத்தரவிட்டது. வாசகர்கள் தங்கள் ஊர் காவல் நிலைய வாசலில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாநகர ஆணையரும் மாவட்டக் கண்காணிப்பாளரும் பொதுமக்களைத் தொடும் சுற்றறிக்கைகளைத் தமிழில் இணையத்தில் போட வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும், ஊர் நூலகத்திலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர் ஒருவர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.