பெர்லின் ரயிலடியில் உதவிய அண்ணாவுக்கு

அண்ணா, ஞாயிறு மாலை பெர்லின் விமான நிலைய நடைமேடையில், அலுவலக வேலையாக வந்திறங்கி, நகரின் ஏ, பி கட்டண மண்டலங்களுக்கு மட்டும் செல்லும் ஏபி டிக்கெட்டோடு நின்றவன் நான். போனில் தமிழ் பேசியதைக் கேட்டு நீங்களாகவே வந்து, "தம்பி, ரிக்கெற் அடிச்சனீரோ?" என்றீர்கள். டிக்கெட்டில் தேதி, நேர முத்திரை பதித்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே தடுப்புக் கதவே கிடையாது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது அதனால்தான். விமான நிலையம் சி மண்டலம், ஏபி மட்டும் போதாது. சி மண்டலத்துக்கான கூடுதல் சீட்டை மெஷினில் எடுக்க வைத்தீர்கள். இரண்டையும் நடைமேடைப் பெட்டியில் நுழைத்து, 'டக்'கென்று தேதியும் நேரமும் பதிந்ததை விரல் வைத்துக் காட்டினீர்கள். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அடிக்காத சீட்டுக்கு 60 யூரோ அபராதம். அடித்ததிலிருந்து 2 மணி நேரம் செல்லும், ஒரே திசையில் மட்டும்.

எனக்காக உங்கள் ரயிலை விட்டீர்கள். பெயர்கூடக் கேட்காமல் போய்விட்டேன். பெர்லின் தமிழர்கள் யாராவது இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். ரொம்ப நன்றி அண்ணா.