வாசலில் நிற்கும் போதகருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பேராயர்களுக்கும், ஆட்சிமன்றப் பொறுப்பாளர்களுக்கும், ஊழியர் தேர்வுக் குழுவினருக்கும்,

கிறிஸ்துவுக்குள் வணக்கம்.

வேறொரு சபைப்பிரிவில் குருப்பட்டம் பெற்று, அங்கே ஆண்டுக்கணக்கில் ஊழியம் செய்துவிட்டு, மனச்சாட்சி உந்த உங்களிடம் வந்து சேரும் போதகர்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். நான் குரு அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. ஆலய இருக்கையில் அமர்ந்து பார்க்கும் சாதாரண உறுப்பினன். அவர்களுக்கு நீங்கள் மறுபடியும் குருப்பட்டம் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. கொடுப்பீர்களா, மாட்டீர்களா, எப்போது என்று சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் வருத்தம்.

குருப்பட்டத்தைப் பற்றித் திருச்சபைகளுக்குள் கருத்து வேற்றுமை இருப்பது எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்துத் திருச்சபையின் மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் செல்லாதவை என்று 1896-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். அதனால் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போகும் ஆங்கிலிக்கன் குரு, முப்பது ஆண்டுகள் பீடத்தில் நின்றவராக இருந்தாலும், முதலிலிருந்து பட்டம் பெற வேண்டும். ஆர்த்தடாக்ஸ் குரு அங்கே போனால் அந்தத் தேவை இல்லை. அவருடைய பட்டத்தை ரோம் ஏற்கிறது. எதிர்த்திசையில், கத்தோலிக்கக் குரு ஒருவர் இங்கிலாந்துத் திருச்சபைக்கு வந்தால் மறுபட்டம் கிடையாது. பேராயர் தலைமேல் கை வைத்துப் பட்டம் தராத பிரஸ்பிட்டேரியன் போதகர் வந்தால் உண்டு. இந்த விதி இங்கிலாந்தின் 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதியானது. அதை ஒட்டிய ஆண்டுகளில் ஏறக்குறைய 2,000 போதகர்கள் தங்கள் ஆலயப் பொறுப்புகளை இழந்தார்கள். கசப்பான விதிதான். ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்களின் பொதுச்சங்கம் விசுவாச அறிக்கைக்காக நினைவுகூரப்படுகிறது. அதே சங்கம் எழுதிய எட்டாவது விதியை வாசித்துப் பாருங்கள். நொவாத்தியர் என்ற பிரிவிலிருந்து திரும்பி வரும் குருக்களை என்ன செய்வது என்பதுதான் அதன் பொருள். தங்களைத் ‘தூயோர்’ என்று அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். துன்புறுத்தலில் விசுவாசத்தை மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று பிரிந்து போனவர்கள். அப்படிப்பட்டவர் வந்தால், இரண்டாம் திருமணம் செய்தவர்களோடும், ஒரு காலத்தில் தவறி விழுந்தவர்களோடும் ஒரே பந்தியில் சேர்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கை வைத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் அவர் குருவாகவே நீடிக்கலாம். (அந்தக் கைவைப்பு புதுப் பட்டமா, ஒப்புரவின் அடையாளமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும்.)

சங்கம் அதோடு நிறுத்தவில்லை. ஓர் ஊரில் ஏற்கெனவே பேராயர் இருக்க, வந்து சேர்பவரும் பேராயராக இருந்தால்? ஊருக்கு இரண்டு பேராயர்கள் கூடாது. எனவே வந்தவருக்குக் குருவின் மதிப்பு உண்டு. உள்ளூர்ப் பேராயருக்கு மனமிருந்தால் பேராயர் என்ற பெயரையும் பகிர்ந்துகொள்ளலாம். மனமில்லையென்றால் கிராமப்புறப் பேராயராகவோ குருவாகவோ அவருக்கு ஓர் இடம் கண்டுபிடித்துத் தர வேண்டும். அவர் குருக்கள் வரிசையைச் சேர்ந்தவர் என்பது ஊர் அறியத் தெரிய வேண்டும் என்பதே காரணம். வந்தவரின் மானத்தைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இதே சங்கம் தன் பத்தொன்பதாவது விதியில், தவறான போதனைக்காகக் கண்டிக்கப்பட்ட சமோசாத்தா பவுலைப் பின்பற்றியவர்களுக்கு ஞானஸ்நானம் முதல் எல்லாம் புதிதாக நடக்க வேண்டும் என்று கடுமையாகவும் சொல்கிறது. ஒரு கூட்டத்துக்கு ஆம், இன்னொரு கூட்டத்துக்கு இல்லை. இரண்டும் எழுத்தில் இருக்கின்றன.

இன்றைக்கு என்ன நடக்கிறது? விண்ணப்பித்தவர் ஒரு குழுவைச் சந்திக்கிறார். ஜெபித்து முடிவெடுப்போம் என்கிறார்கள். அடுத்த கூட்டம் தள்ளிப்போகிறது. இன்னொரு படிப்பை முடித்து வாருங்கள் என்று ஒருவர் சொல்கிறார். அது தேவையில்லை என்று அவருக்குப் பின் வந்தவர் சொல்கிறார். இதற்கிடையே அவர் பழைய சபையில் ராஜினாமா செய்தாக வேண்டும், ஏனெனில் இங்கே சேர முயன்றுகொண்டே அங்கே பிரசங்கம் செய்வது நேர்மையல்ல. ராஜினாமா செய்த நாளில் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. போதகர் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் சபையின் வீடு. பிள்ளைகளின் பள்ளி, ஓய்வூதியக் கணக்கு, வாழ்க்கைத்துணையின் நட்பு வட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் கலைகின்றன. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேறு தொழில் தெரியாத ஒரு மனிதர், ஜெபித்து முடிவெடுப்போம் என்ற வாக்கியத்தை நம்பி வாடகை வீடு தேடுகிறார்.

காத்திருப்பு என்பது தவிர்க்க முடியாதது என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியானால் பெயர் பெற்றவர்களுக்கு மட்டும் அது எப்படிச் சுருங்குகிறது? இங்கிலாந்தில் பெயர் பெற்ற ஆங்கிலிக்கன் குருவான மேனிங் 1851 ஏப்ரலில் கத்தோலிக்கர் ஆனார், ஜூனில் குருவானார். 2011-இல் மூன்று ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஜனவரி 1-ஆம் தேதி கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டு, 15-ஆம் தேதி குருக்கள் ஆனார்கள். அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. முன்தயாரிப்பு நடந்திருக்கும், இப்படி வரும் ஆங்கிலிக்கன்களுக்கான புதிய அமைப்பு ஒன்றும் 2009-இலேயே சட்டமாகியிருந்தது. மனம் இருந்தால் நாட்காட்டி வளையும் என்பதற்காகவே சொல்கிறேன். செய்தித்தாளில் படம் வராத ஒரு சிற்றூர்ப் போதகருக்கும் அது கொஞ்சம் வளையட்டும்.

விசாரணையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இன்னும் கடுமை தேவை என்பதே என் எண்ணம். சொந்தப் பேராயரின் மடல் இல்லாமல் வேற்றூர்க் குரு எங்கும் ஊழியம் செய்யக் கூடாது என்று 451-இல் கல்சதோன் சங்கம் விதித்தது. ஒழுங்கு நடவடிக்கைக்குத் தப்பி வருபவர்களுக்கும், பணக்கணக்கில் சிக்கியவர்களுக்கும், குழந்தைகள் விஷயத்தில் புகார் உள்ளவர்களுக்கும் சபை மாற்றம் ஒரு நல்ல மறைவிடம். சபைப்பிரிவு மாறியதும் பழைய கோப்பு கூட வருவதில்லை. ஆகவே அனுப்பும் சபையிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். நற்சான்று மடலை விண்ணப்பதாரரின் கையில் வாங்காமல் நேரடியாக வரவழையுங்கள். இந்த வேலையை ஒழுங்காகச் செய்யச் சில மாதங்கள் போதும். விசாரணைக்கு ஆகும் நேரம் வேறு, யாரும் கோப்பைத் திறக்காததால் ஆகும் நேரம் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்காதீர்கள்.

போகிறவரை அனுப்பிவைக்கும் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் விலகிய மறுநாளே அவர் பெயரைப் பேசாப்பொருள் ஆக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அவர் முன்னால் மணம் முடித்தவர்கள் அதே சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் என்ற முடிவை ஏற்க முடியாமல் விலகிய குருக்களுக்காக இங்கிலாந்துத் திருச்சபை 1993-இல் பண உதவிக்கு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. தன்னை விட்டுப் போகிறவர்களுக்கு ஒரு சபை கொடுத்த பணம் அது. எல்லாச் சபைகளுக்கும் அந்த வசதி இல்லைதான். வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம் கொடுக்க எந்த வசதியும் வேண்டாம்.

குருப்பட்டக் கேள்வியைத் தீர்க்காமலே சேர்ந்து வாழ முடியாது என்று சொல்பவர்களுக்கு 1947-ஐ நினைவூட்டுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் போதகர்கள் யாருக்கும் மறுபட்டம் இல்லாமல் ஒரே சபையின் ஊழியர்கள் ஆனார்கள். இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார் என்று முடிவானது. மனச்சாட்சி ஒப்பாத ஓர் ஊழியரை எந்தச் சபையின் மீதும் திணிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியும் சேர்ந்தது. 1970-இல் வட இந்தியத் திருச்சபை வேறு வழியில் போனது. எல்லோர் மீதும் எல்லோரும் கை வைத்தார்கள். இரண்டில் எது சரி என்பதைவிட, போதகருக்குத் தன் நிலை என்னவென்று முதல் நாளிலேயே தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பெண் போதகர்களின் நிலை இன்னும் கடினம். பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லாத சபையில் சேர விரும்பும் பெண் போதகருக்கு, பேராயர் கை வைத்ததா இல்லையா என்ற வாதமே எழுவதில்லை. உறுப்பினராக வரலாம், ஊழியராக முடியாது. அதையாவது முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஓராண்டு நேர்காணல்களுக்கு அலையவிட்டுப் பிறகு சொல்வதற்கு எந்த இறையியலும் காரணம் காட்ட முடியாது.

உங்கள் அடுத்த ஆட்சிமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சபையின் குருப்பட்டத்தை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் படிப்பு எவ்வளவு, தேர்வு யாரிடம். முடிவு எத்தனை மாதத்துக்குள் வரும். அதுவரை அவர் என்ன செய்யலாம், பிரசங்கிக்கலாமா, திருவிருந்தில் உதவலாமா. மறுத்தால் காரணம் எழுத்தில் வருமா, மேல்முறையீடு உண்டா. இரண்டு பக்கங்களுக்கு மேல் ஆகாது. அதை அச்சிட்டு, விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள், அவர் ராஜினாமா மடலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்