பலகை இல்லாத சாலைக்கு வேக வரம்பு: எண்ணுடன் காரணமும் பதியப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் ஓட்டுபவர்களில் பலர் இப்போது சாலையோரப் பலகையைவிட, கைப்பேசித் திரையின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் தெரியும் எண்ணையே அதிகம் நம்புகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் சில ஆண்டுகளாகத் தன்னார்வத்துடன் பதிவு செய்துவருபவன் என்ற முறையில், தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் இதிலுள்ள தரவைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. ஆகவே, நாங்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஓர் எண்ணை நம்பி, முன்பின் தெரியாத ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்.

சென்ற மாதம் எங்கள் ஊர் வழியாகச் செல்லும் இருவழிச் சாலையை, பைக்கில் மெதுவாகச் சென்று பதிவு செய்தேன். பதினோரு கிலோமீட்டரில் வேக வரம்புப் பலகைகள் மூன்றே மூன்று. ஒன்று வெயிலில் வெளுத்துப்போய், பக்கத்தில் நின்று பார்த்தால்தான் 40 என்று படிக்க முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த இரண்டாவதைப் புளியங்கிளை மறைத்திருந்தது. கிளையை விலக்கிப் பார்த்தேன், அதிலும் 40. மூன்றாவது பலகை கம்பத்தோடு பெயர்ந்து மழைநீர்க் கால்வாயில் குப்புறக் கிடந்தது. வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால், அந்தச் சாலை முழுவதற்கும் 50 என்று யாரோ சில ஆண்டுகளுக்கு முன்பே பதிந்திருந்தார்கள். பலகையைப் பார்த்தா, சட்டத்தைப் படித்தா, தாம் வழக்கமாகப் போகும் வேகத்தை வைத்தா என்பதற்கு ஒரு சொல் குறிப்புகூட இல்லை. பதிந்தவருக்குச் செய்தி அனுப்பினேன்; அவர் வரைபடத்தின் பக்கம் வந்தே நெடுநாள் ஆகியிருக்கிறது, பதில் இல்லை. அந்தப் பள்ளியைக் கடந்துபோன ஓட்டுநர்களுக்கு இத்தனை காலமும் எங்கள் வரைபடம் 50 என்று சொல்லிவந்திருக்கிறது என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

களத்தில் கண்டு சரிபார்க்கக்கூடியதையே பதிய வேண்டும் என்பது எங்களுடைய அடிப்படை விதி. பிற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து எழுதுவதற்கும் அனுமதி இல்லை. ஆனால், பலகை இல்லை என்பதால் அந்தச் சாலைக்கு வரம்பே இல்லை என்று ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 112-ஆவது பிரிவின்படி மத்திய அரசு நிர்ணயிக்கும் உச்ச வேகம் பலகை இல்லாத சாலைக்கும் பொருந்தும். 2018 ஏப்ரலில் வந்த அறிவிக்கை, கார்களுக்கு அதிவிரைவுச் சாலையில் 120, மையத் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, உள்ளாட்சிச் சாலைகளிலும் ஏனைய சாலைகளிலும் 70 என்றும், இருசக்கர வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் இந்தக் கடைசி இரு வகைச் சாலைகளில் 60 என்றும் வகுத்தது. அந்த அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் ஒருவர் ஒரு கிராமச் சாலைக்கு வெறுமனே 70 என்று பதிந்திருந்தால், அது பலகையில் கண்ட 70-ஆ, ரத்தான அறிவிக்கையின் 70-ஆ என்று இன்று பிரித்தறிய வழியே இல்லை. ‘பலகை இல்லை, பொது விதிப்படி’ என்று அருகில் குறித்திருந்தால், அத்தகைய சாலைகளை மட்டும் தேடி எடுத்துத் திருத்திவிடலாம்.

வேல்ஸ் நாட்டில் இதன் பயன் கண்கூடாகத் தெரியும். அங்கே தெருவிளக்குகள் 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் இருந்தாலே பொது வரம்பு பொருந்தும்; தனிப் பலகை தேவையில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று அந்த வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைந்தது. சட்டத்தின் வழியாக வந்த 30 எது, பலகையில் எழுதிய 30 எது என்ற குறிப்பு இருக்கும் தெருக்களில் அது திருத்துபவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர்களில் சிக்கல் இன்னும் அதிகம். வரம்பு வாகனத்துக்கு வாகனம் மாறுகிறது. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று நிர்ணயித்தது. ஒரே எண்ணைப் பதிந்துவிட்டு நகர்ந்தால், ஆட்டோ ஓட்டுநருக்குத் திரையில் 60 தெரியும். வாகன வகைக்கு ஏற்பத் தனித்தனியாகப் பதியும் வசதி வரைபடத்தில் இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. இது போதாதென்று, உள்ளாட்சி எல்லை எங்கே தொடங்குகிறது என்பதும் சாலையில் தெரிவதில்லை. வரவேற்பு வளைவு ஓரிடத்திலும் உண்மையான எல்லை வேறோரிடத்திலும் இருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மென்பொருளே சாலை வகையை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளட்டும், மனிதர்கள் எதையும் பதிய வேண்டாம் என்று எங்களுக்குள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவே இல்லாத சாலையில், பலகை இல்லை என்பதை ஒருவர் நேரில் போய் உறுதிசெய்தாரா, அல்லது அங்கே யாரும் போகவே இல்லையா என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்துவிட்டுப் பலகை இல்லை என்று எழுதுவதும் ஒரு தகவல்தான். ஊகித்த எண்ணை எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

அரசுத் தரப்புக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதே 112-ஆவது பிரிவு, பொது வரம்பைவிடக் குறைவான வேகத்தை ஒரு சாலைக்கு நிர்ணயிக்கும்போது, அரசிதழில் அறிவிப்பதோடு உரிய இடங்களில் பலகையும் நிறுவ வேண்டும் என்கிறது. நெடுஞ்சாலைத் துறையும் காவல்துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் இதுவரை அறிவித்துள்ள வரம்புகளை, சாலையின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், அரசிதழ் எண், நாள் ஆகியவற்றுடன் எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய பட்டியலாக இணையத்தில் வெளியிட வேண்டும். அது கைக்கு வந்தால், எந்த வரம்புக்குப் பலகை இருக்கிறது, எதற்கு இல்லை என்பதை நேரில் பார்த்துச் சொல்லத் தன்னார்வலர்கள் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

எங்கள் ஊர்ச் சாலையில் இருந்த 50-ஐ நீக்கிவிட்டேன். பலகை நிற்கும் இரண்டு இடங்களிலும் 40 என்றும் அதற்கு ஆதாரம் பலகை என்றும் பதிந்துள்ளேன். மீதிச் சாலைக்கு எண் எதுவும் தராமல், பலகை இல்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். கால்வாயில் கிடக்கும் மூன்றாவது பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சம்பந்தப்பட்ட துறையினர் தெரிவித்து, அதை மீண்டும் அதே இடத்தில் நட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரைபடத் தன்னார்வலர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.